கிளாக்கர் ஜன்னலும் ரவுட்டர் பெட்டியும்

இரத்தினபுரி டவுனில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கடையில் நான் வேலை பார்த்த காலத்தில், என்னைத் தோட்டத்துப் பிள்ளை என்று பார்த்தவுடன் யாரும் நினைத்ததில்லை. சிங்களம் எனக்குத் தமிழைப் போலவே வரும். றக்வான பக்கம் நாங்கள் இருந்த தோட்டத்தைச் சுற்றிலும் சிங்களக் கிராமங்கள். கடையில் சிங்களம், பஸ்ஸில் சிங்களம், லயத்து வரிசை வீடுகளுக்குள் நுழைந்த பிறகுதான் தமிழ். கடை முதலாளி என்னைச் சிங்களத்தில் ‘நங்கி’, தங்கச்சி என்று கூப்பிடுவார். கடைக்கு வருகிறவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். பெயரைச் சொல்லும்போது மட்டும் முகத்தை இன்னொரு முறை பார்ப்பார்கள்.

எங்கள் கடைக்குத் தோட்டத்து ஆபீஸ்களில் இருந்தும் வேலை வந்துகொண்டிருந்தது. தோட்டங்களை நடத்திய கம்பனி ஒன்று, தன் ஆபீஸ்களையெல்லாம் டெலிபோன் லைன் வழியாகக் கொழும்புத் தலைமை அலுவலகத்தோடு இணைத்திருந்தது. மாலையில் தேயிலைக் கொழுந்தை நிறுத்து முடிந்ததும் கணக்கை கம்ப்யூட்டரில் அடித்தால் கொழும்பில் தெரியும். நடுவில் நின்று அதை அனுப்பிவைக்கிற பெட்டிதான் ரவுட்டர். எங்கள் பக்கத்து மலைகளில் இடி இறங்கினால் முதலில் சாவது அந்தப் பெட்டி. சாகாவிட்டாலும் தனக்குச் சொல்லிவைத்ததையெல்லாம் மறந்துவிடும். அப்புறம் ஒருவர் போய் அதன் பின்பக்கத்தில் உள்ள சின்னத் துளையில் ஒரு தட்டையான நீல வயரைச் செருகி, மறு முனையை லெப்டொப்பில் மாட்டி, எல்லாவற்றையும் திரும்பவும் அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்த வயருக்குக் கொன்சோல் கேபிள் என்று பெயர். சொல்லிக்கொடுக்கப் போகிற ஆள் நான்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. வயரைச் செருகி ஒரு தட்டுத் தட்டினால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஓடிவரும். எத்தனையோ இடங்களில் பார்த்த பிறகும் அது ஓடும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்குவார்கள். என் அடையாள அட்டையில் பெயரைப் படித்துவிட்டு, பையைத் திறக்கச் சொல்வார்கள். வயர்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, இது எதற்கு, அது எதற்கு என்று கேட்பார்கள். என் சிங்களத்தைக் கேட்டுச் சிலர் விட்டுவிடுவார்கள், சிலருக்கு அதைக் கேட்டே சந்தேகம் கூடும். ரோட்டோரத்தில் நின்று கொன்சோல் கேபிள் என்றால் என்னவென்று விளக்கிச் சலித்துப்போய், ஒன்றுக்கு இரண்டாக எதையும் கொண்டுபோகாமல் இருக்கப் பழகிவிட்டேன். ஒரு லெப்டொப், ஒரு கேபிள், ஒரு மீட்டர், ஒரு பழைய டூத் பிரஷ். அவ்வளவுதான் என் பையில் இருக்கும்.

கொடகவெலக்கு அப்பால் இருந்த அந்தத் தோட்டத்துக்கு நான் முதன்முதலாகப் போனது ஒரு சித்திரை மாதத்தில். முந்தின நாள் இடி விழுந்து அவர்களுடைய கொழும்புத் தொடர்பு அறுந்துபோயிருந்தது. சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைக்கு நடுவே ஏறிப் போனேன். ஃபெக்டரிக்குப் பக்கத்தில் மேட்டில் இருந்தது ஆபீஸ். சிவப்பு சிமெந்துத் தரை. ஒரு பெண் முழங்காலில் இருந்து தேங்காய்ப் பொச்சால் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தரை கண்ணாடி மாதிரி இருந்தது. முன்பக்கத்தில் ஒரு சின்ன ஜன்னல். தொழிலாளிகள் எதற்கு வந்தாலும் அந்த ஜன்னலுக்கு வெளியே நின்று பேச வேண்டும், உள்ளே வரக்கூடாது. எங்கள் தோட்டத்திலும் அப்படித்தான். அதனால் எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை.

உள்ளே பெரிய கிளாக்கர் இருந்தார். தோட்டத்தில் துரைக்கு அடுத்தபடி அவர்தான். நம் ஆள், தமிழர். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய திருநீறு, தங்க விளிம்புக் கண்ணாடி, பளபளக்கிற சப்பாத்து. வாயில் வெற்றிலை இருந்ததால் நாடியை உயர்த்திக்கொண்டு, சாறு சிந்தாமல் சிங்களத்தில் என்னை வரவேற்றார். நான் தமிழில் பதில் சொன்னதும் முகம் மலர்ந்தது.

“அட, நம்ம புள்ளைங்களா. எந்த ஊருங்க?”

றக்வான பக்கம் என்றேன்.

“டவுன்லயா இருக்கீங்க?”

“இல்லைங்க, தோட்டம். லயத்துலதான் பொறந்தேன். அப்பா கவ்வாத்து வெட்டுனாரு.”

அவர் என்னைத் தலையில் இருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். பார்வை காலில் நின்றது.

“செருப்ப வெளியில விட்டுட்டு வா புள்ள. தரை அழுக்காயிரும்.”

நீங்க என்று ஆரம்பித்த மரியாதை ஒரு வாக்கியத்துக்குள் முடிந்துபோனது. அவர் சப்பாத்தோடு நின்றார். நான் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனேன். தரை தேய்த்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

ரவுட்டர் இருந்தது கிளாக்கரின் நாற்காலிக்குப் பின்னால். டெலிபோன் லைன் பின்பக்கத்து ஜன்னல் மூலை வழியாக உள்ளே வந்ததால், மாட்டியவர்கள் அந்த ஜன்னலுக்கு நேர் கீழே சுவரில் ஒரு பலகை அடித்துப் பெட்டியை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பலகை அகலம் போதவில்லை. அதனால் பெட்டியைப் படுக்கவைக்காமல், துளைகள் மேலே பார்க்கும்படி நிறுத்திவைத்திருந்தார்கள். ஜன்னலின் கண்ணாடிக் கதவு திறந்து கிடந்தது. கம்பிகளுக்கும் சுவரின் கீழ்ப்பாதிக்கும் காவி நிறப் பெயின்ட். அந்த மூலையில் ஒரு வாடை இருந்தது. சாம்பிராணியும் புளித்த ஏதோ ஒன்றும் கலந்த மாதிரி. பழைய ஆபீஸ்களில் எலி, பல்லி எல்லாம் இருக்கும், நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தரையில் உட்கார்ந்து கேபிளைச் செருகினேன். லெப்டொப்பில் தட்டினேன். ஒன்றும் வரவில்லை. கறுப்புத் திரை அப்படியே இருந்தது.

இப்படி நடப்பது உண்டு. வயரை எந்த வாசலில் மாட்டியிருக்கிறோம் என்று லெப்டொப்புக்குச் சரியாகச் சொல்லாவிட்டால் இப்படி ஆகும். அதைப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் பேச வேண்டும். அதையும் பார்த்தேன். பிறகு கிளாக்கரிடம் ஒரு கடதாசிக் கிளிப் கேட்டு வாங்கி, அதை நிமிர்த்தி, லெப்டொப் பக்கத்து முனையில் போகிற கம்பியையும் வருகிற கம்பியையும் தொடும்படி வைத்துவிட்டு எழுத்துகளைத் தட்டினேன். தட்டிய எழுத்து திரும்பி வந்தது. அப்படியென்றால் லெப்டொப்பில் பிழை இல்லை. கேபிளை மாற்றிப் பார்க்க வேறு கேபிள் கிடையாது. மீட்டரை எடுத்து ஒவ்வொரு கம்பியாக முனையில் இருந்து முனைவரை பார்த்தேன். எல்லாம் ஓடியது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. எல்லாம் சரியாக இருந்தது, பேச்சு மட்டும் இல்லை.

திரும்பவும் செருகி, முனையை மெல்ல ஒரு பக்கமாக அழுத்தினேன். திரையில் கிறுக்கல் வந்தது. எந்த மொழியிலும் இல்லாத குறிகள், கேள்விக்குறிகள், கட்டங்கள். வேகம் பொருந்தாவிட்டால்தான் அப்படிக் கிறுக்கல் வரும் என்பதால் எல்லா வேகத்தையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். வேகத்தை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் கிறுக்கல் கிறுக்கல்தான். விரலை எடுத்தால் அதுவும் நின்றுவிடும். துளைக்குள்ளே கம்பிகள் சரியாகத் தொடவில்லை என்று புரிந்தது. பெட்டியைக் கீழே இறக்கி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

அதற்கு இரண்டு கையும் வேண்டும். அப்போதெல்லாம் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. கை நிறைய வேலை இருந்தால் கேபிள் முனையைப் பல்லில் கவ்விக்கொள்வேன். அன்றும் துளையில் இருந்து கேபிளை உருவி, வாயில் கவ்விக்கொண்டு, பெட்டியைத் தூக்கினேன்.

முதலில் சுண்ணாம்பு நாக்கைக் கடித்தது. அப்புறம் பாக்கின் துவர்ப்பு, அப்புறம் புகையிலைக் காரம். எல்லாம் ஊறிப் புளித்துப்போன ஒரு கசப்பு. என் வாய்க்குள் இருப்பது இன்னொருவர் வாயில் இருந்து வந்தது என்று மூளைக்கு எட்டுவதற்குள் எச்சிலை விழுங்கியும்விட்டேன். பெட்டியைத் தரையில் வைத்தேனா போட்டேனா தெரியாது. வெறுங்காலோடு வெளியே ஓடி, ஆபீஸுக்குப் பக்கத்தில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்த பீலியில் குனிந்து வாந்தி எடுத்தேன். காலையில் குடித்த தேநீரும் வந்தது, ஒன்றும் இல்லாத பிறகும் வந்துகொண்டே இருந்தது.

தரை தேய்த்துக்கொண்டிருந்த பெண் பின்னாலேயே வந்து என் முதுகில் கை வைத்தார். என் மூத்த அக்காவின் வயது இருக்கும்.

“வாயில பட்டுருச்சா தங்கச்சி?” என்றார்.

எது என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. பீலித் தண்ணீரை இரண்டு கையிலும் ஏந்தி என் முகத்தைக் கழுவிவிட்டு, அடங்கிய குரலில் விஷயத்தைச் சொன்னார். கிளாக்கரையா நாற்காலியை விட்டு எழும்புவதில்லை. கழுத்தை மட்டும் திருப்பி ஜன்னல் கம்பிக்கு நடுவே துப்புவார். பாதி வெளியே போகும், பாதி கம்பியில் பட்டு உள்ளே வடியும். காலையில் சாம்பல் போட்டுக் கம்பியைக் கழுவி வைப்பார் இவர். தேநீர் நேரம் வருவதற்குள் திரும்பவும் பழையபடி ஆகிவிடும். பெட்டியில் மின்சாரம் இருக்கிறது, தொடாதே என்று சொல்லிவைத்திருந்ததால் அதை மட்டும் இவர் கழுவியதில்லை.

அந்த ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று கேட்டேன். பாதை என்றார். கொழுந்தை மடுவத்துக் கொட்டகையில் நிறுத்துவிட்டு, பிள்ளைக் காம்பராவில் விட்ட குழந்தைகளைத் தூக்கப் போகிற பெண்கள் எல்லாரும் அந்த வழியாகத்தான் போக வேண்டும்.

“அந்த எடத்துக்கு வந்தா தலையில போட்ட கொங்காணிய எறக்கி மூஞ்சிய மூடிக்குவோம்” என்றார். “மழைக்கு இல்ல.”

ஒருமுறை ஒருத்தியின் தோளில் விழுந்து அவள் முன்ஜன்னலுக்குப் போய்ச் சொன்னாளாம். ஜன்னலுக்கு அடியில் உன்னை யார் வரச் சொன்னது என்று கேட்டாராம் கிளாக்கர்.

வாயைத் திரும்பத் திரும்பக் கொப்பளித்தேன். கசப்பு போனது, ருசி போகவில்லை. திரும்ப உள்ளே போனபோது கிளாக்கர் என்ன என்று புருவத்தை உயர்த்தினார். பெட்டியின் துளையில் வெற்றிலை எச்சில் ஊறி இறுகிப்போயிருக்கிறது என்று சொன்னேன். யாருடையது என்று நான் சொல்லவில்லை. அவர் ஜன்னலைப் பார்க்கவில்லை, தன் வாயைத் துடைக்கவும் இல்லை. எனக்குப் பின்னால் வந்து நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

“இவ வேலைதான். வெத்தல போடாம இவளுக்குப் பொழுது விடியாது. மூலையில துப்பித் துப்பி வச்சிருக்கா.”

அந்தப் பெண்ணின் உதடும் சிவந்துதான் இருந்தது. தோட்டத்தில் வெற்றிலை போடாத பெண்கள் எத்தனை பேர்? அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரம் பார்த்துத் துரை உள்ளே வந்தார். இளைஞர், சிங்களவர், முழங்கால்வரை காலுறை போட்டிருந்தார். கணக்கு வரவில்லை என்று கொழும்பில் இருந்து காலை முதல் தொலைபேசியில் குடைந்துகொண்டிருந்தார்கள் என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. என்ன பிழை என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கிளாக்கர் முந்திக்கொண்டு, கூட்டுகிற பெண் பெட்டியில் துப்பிவைத்திருக்கிறாள், அவளை இன்றைக்கே பார்த்துக்கொள்கிறேன் என்று சிங்களத்தில் சொன்னார்.

எனக்குள் இன்னும் குமட்டிக்கொண்டிருந்தது. அந்தக் குமட்டல்தான் என்னைப் பேசவைத்தது என்று நினைக்கிறேன். சிங்களத்திலேயே சொன்னேன்.

“அந்த அக்கா துப்பினது இல்லை சார். ஜன்னல் கம்பியில இருந்து பெட்டிக்குள்ள வடிஞ்சிருக்கு. இந்த நாற்காலியில உட்கார்ந்து துப்பினாத்தான் அப்படி வடியும்.”

துரை ஜன்னலுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். காவிப் பெயின்டின் மேல் இன்னொரு சிவப்பு கட்டிகட்டியாகக் காய்ந்திருந்தது கிட்டப் போனால்தான் தெரியும். கையைக் கொண்டுபோய், தொடாமல் எடுத்துக்கொண்டார். கிளாக்கரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

சத்தம் போட்டு, நல்ல மனதோடு, வீட்டுப் பெரியவர் ஒருவரின் குறும்பைப் பார்த்துச் சிரிப்பது போலச் சிரித்தார். குறி தவறிப்போச்சு போல இருக்கே என்று கேலியாக ஏதோ சொன்னார். கிளாக்கரும் சிரித்தார், உள்ளே இருப்பது சிந்தாமல் உதட்டைக் குவித்துக்கொண்டு. அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு நிமிடத்துக்கு முன்னால் சொன்னது இருவருக்கும் மறந்துபோனது. துரை என் பக்கம் திரும்பி, சீக்கிரம் துடைத்துச் சரிபண்ணு நங்கி, கொழும்பில் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

வாய்க்குள் போனதைவிட அந்தச் சிரிப்புதான் எனக்கு அதிக அருவருப்பாக இருந்தது. வாயைக் கழுவ ஒரு பீலியாவது இருந்தது.

கிளாக்கர் அந்தப் பெண்ணைத் துடைக்கச் சொன்னார். மயிரிழை போன்ற கம்பிகள், வளைந்தால் பெட்டியே போய்விடும், நானே துடைக்கிறேன் என்று சொன்னேன். டிஸ்பென்சரியில் இருந்து கொஞ்சம் ஸ்பிரிட்டும் பஞ்சும் மட்டும் கொண்டுவரச் சொன்னேன். அந்தப் பெண் போனபோதுதான் அவர் ஒரு காலை இழுத்து நடப்பதைக் கவனித்தேன்.

கைக்குட்டையை மூக்குக்கு மேல் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆபீஸ் டோர்ச்சை வாங்கி அடித்துப் பார்த்தபோது துளைக்குள் கம்பிகளே தெரியவில்லை. மற்றத் துளைகளில் எப்போதும் வயர் செருகியிருந்ததால் அவை தப்பித்துவிட்டன. இது மட்டும் ஆள் வந்தால்தான் பயன்படுகிற துளை. சும்மா திறந்து கிடந்து வடிந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டிருக்கிறது. மேலே கறுப்பாக ஒரு படலம், அடியில் செங்கல் நிறம், அதற்கும் அடியில் இன்னும் காயாமல் பிசுபிசுப்பாக ஒன்று. பாக்குத் துருவல் கிடந்தது. செத்த எறும்பு ஒன்று அதில் ஒட்டியிருந்தது. ஸ்பிரிட் பட்டதும் காய்ந்தது எல்லாம் உயிர்பெற்றது போல வாடை கிளம்பியது. சட்டையில் குத்தியிருந்த ஊசியால் சுரண்டுவேன், முகத்தைத் திருப்பி மூச்சு விடுவேன், பஞ்சால் ஒற்றுவேன், திரும்பவும் சுரண்டுவேன். பஞ்சு சிவந்து சிவந்து வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பொன்னிறக் கம்பிகள் வெளியே தெரிந்தன. ஓரத்தில் ஒன்று பச்சை பூத்து அரித்துப்போயிருந்தது. நல்ல காலம், பேசுவதற்கு அந்தக் கம்பி தேவையில்லை.

இவ்வளவு நேரமும் கிளாக்கர் என் பக்கத்தில், தன் நாற்காலியில்தான் இருந்தார். வாயில் இருந்தது நிறைந்துகொண்டே போனது. கன்னம் உப்பியது. ஒரு தடவை பழக்கத்தில் கழுத்து ஜன்னல் பக்கம் திரும்பியது. கீழே நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திரும்பவும் மேசைப் பக்கம் போனது. தொலைபேசி அடித்தது. எடுத்து “ம்” என்றார், இன்னொரு “ம்”, அப்புறம் வைத்துவிட்டார். முன்ஜன்னலில் ஒரு கிழவர் வந்து லீவைப் பற்றி ஏதோ கேட்டார். அவருக்கும் ஒரு கையசைப்புதான். கடைசியில் எழுந்தார். சப்பாத்து டக் டக் என்று ஒலிக்க, அந்தக் கண்ணாடித் தரையைக் கடந்து வாசலுக்குப் போய், படி இறங்கி, வெளியே போய்த் துப்பினார். நான் வேறொரு நாளில் அதைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பேன்.

கேபிள் முனையையும் ஸ்பிரிட்டால் கழுவித் துடைத்துச் செருகினேன். எழுத்துகள் ஓடிவந்தன. தெளிவாக, வரிவரியாக, ஒரு குறிகூடப் பிசகாமல். எப்போதும் வருகிற சந்தோஷம் அன்றைக்கு வரவில்லை. முதலாளி தொலைபேசியில் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் அடித்து முடித்தேன். கொழும்போடு தொடர்பு வந்தது. டெலிபோன் வயரை நீட்டி, பெட்டியை எதிர்ச்சுவரில் இருந்த அலுமாரியின் உச்சியில் படுக்கவைத்தேன். இனி அதில் யார் எச்சிலும் விழாது. ஜன்னலுக்கு வெளியே போகிற பெண்களை நான் எங்கே தூக்கி வைப்பது?

நான் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கியபோது அந்தப் பெண் வேலி வரைக்கும் கூட வந்தார். நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்தேன்.

“நீங்க பஸ்ஸேறிப் போயிருவீங்க தங்கச்சி. நாளைக்குக் காலையில பெரட்டுல வேல பிரிக்கிறப்ப எனக்கு ஆபீஸ் வேலைன்னு சொல்லுவாங்களான்னு தெரியாது” என்றார்.

துரையே கண்ணால் பார்த்துவிட்டாரே, அப்படியெல்லாம் செய்ய முடியாது என்று நான் தைரியம் சொன்னேன்.

“தொரை சிரிச்சத நானுந்தான் பாத்தேன்.”

காலை இழுத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

கடைக்கு வந்து முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். அனே பவ் என்று இரக்கப்பட்டார், கொஞ்சம் சிரிக்கவும் செய்தார். கேபிளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, டெட்டோலில் ஊறவைத்து, வெயிலில் காயப்போட்டேன். அப்படியும் அதைக் கையில் எடுத்தால் நாக்கின் அடியில் அந்த ருசி வந்தது. ஒரு நாள் அதைக் குப்பையில் போட்டுவிட்டு, பஸ்ஸில் தொலைந்துபோய்விட்டது என்று சொல்லி வேறொன்று வாங்கிக்கொண்டேன்.

ஐப்பசி இடியில் அந்த ஆபீஸுக்கு இன்னொரு முறை போக வேண்டி வந்தது. இந்தத் தடவை கிளாக்கர் வாசல் வரைக்கும் வந்தார்.

“வாங்க மிஸ், வாங்க. செருப்போடவே வாங்க, பரவாயில்ல.”

துரைக்கு முன்னால் பேசக்கூடிய ஆள் என்று என்னைக் கணக்குப் போட்டிருப்பார். போன தடவை ‘நீ’ என்றபோதுகூட எனக்கு இவ்வளவு கூசவில்லை. பெட்டி அலுமாரி மேல் சுத்தமாக இருந்தது. கேபிளைச் செருகியவுடன் எழுத்து ஓடியது. ஜன்னல் கம்பிகளைப் பார்த்தேன். சிவப்பு இன்னும் ஈரமாகப் பளபளத்தது. தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தது வேறொரு பெண், வயது குறைந்தவள்.

பழைய அக்கா எங்கே என்று கேட்டேன். கிளாக்கர் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

“அவளை மலைக்குக் கொழுந்தெடுக்க அனுப்பியாச்சுங்க. ஆபீஸ்னா சுத்தம் முக்கியம் பாருங்க.”

எனக்குத் தேநீரும் பிஸ்கட்டும் வந்தது, அவர் சொல்லி வந்ததுதான். நான் தொடவில்லை. வயிறு சரியில்லை என்றும் சொல்லவில்லை. வேலையை முடித்துவிட்டு, வெளியே ஜீப்பில் ஏறப்போன துரையை மறித்துக் கேட்டேன். கால் இயலாத ஒருவரை ஏன் மலைக்கு அனுப்பினார்கள் என்று. அவருக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்றே முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், யாரை எந்த வேலைக்குப் போடுவது என்பதெல்லாம் கிளாக்கர் பார்ப்பது என்று சொல்லிவிட்டு, நெட்வேர்க் சரிதானே என்று கேட்டார். சரி என்றேன்.

அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்துக்கு நான் போகமாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். ஒரு எச்சிலுக்காகவா நங்கி, என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் வேறு ஆளை அனுப்பத் தொடங்கினார்.

அந்த அக்காவைக் கடைசியாகப் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொடகவெல பஸ்ஸில். சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டு தன் பக்கத்தில் இடம் ஒதுக்கினார். மலை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இறக்கத்தில்தான் முழங்கால் வலிக்கிறது, ஏற்றம் பரவாயில்லை என்றார். கங்காணி நல்ல மனிதர், கிட்ட உள்ள மலையாகப் பார்த்துக் கொடுக்கிறாராம். பேசிக்கொண்டே மடியில் இருந்து வெற்றிலையை எடுத்து மடித்துப் போட்டுக்கொண்டார். எனக்கு உடனே வாயில் நீர் ஊறிக் குமட்டியது. அவர் என்னிடம் எந்தத் தப்பும் செய்யவில்லை, இருந்தும் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டேன். அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். ஒரு சீலைத் துண்டில் எல்லாவற்றையும் துப்பி, முடிந்து பைக்குள் வைத்துக்கொண்டார்.

நான் சொன்னதால்தானே உங்களை மலைக்கு அனுப்பினார்கள் என்று கேட்டேன்.

“நீங்க சொன்னது பொய்யில்ல. ஆனா நா பக்கத்துல நிக்கிறப்ப சொல்லியிருக்க வேணாம். நாந்தான் சொல்லிக் குடுத்தேன்னு அந்தாளு நெனச்சுக்கிட்டாரு.”

அப்போது சொல்லாமல் விட்டிருந்தால் பழி உங்கள் தலையில் அல்லவா விழுந்திருக்கும் என்றேன்.

“விழுந்தா என்ன தங்கச்சி? ஒரு நாள் கத்துவாரு, கேட்டுக்கிட்டு நிப்பேன். பழிய எறக்கி வச்சிறலாம். கொழுந்த எறக்கி வைக்க முடியுமா, மடுவம் வரைக்கும் சொமக்கணும்.”

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. தக்காளி விலை ஏறிவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னார். நான் பேசியது சரிதான் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். சந்தைக்குப் பக்கத்தில் பஸ் நின்றது. கருவாடு முடிந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே, முன் சீட்டைப் பிடித்து எழுந்து, படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினார். கீழே நின்று பைக்குள் அந்தச் சீலை முடிச்சைத் தேடினார். பிறகு கூட்டத்துக்குள் போய்விட்டார்.